மெனு கார்டுல சக்கரை எச்சரிக்கை போட்டா நம்ம ஆர்டர் மாறுமா?

2025 ஜூலைல எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப் முழுக்க ஒரே செய்திதான். சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் இனிமே சிகரெட் பாக்கெட் மாதிரி எச்சரிக்கை ஒட்டணும்னு மத்திய அரசு சொல்லிடுச்சாம். பெரியப்பா கோபமா ஒரு வாய்ஸ் நோட் போட, அத்தை "நல்லதுதானே, ஒட்டட்டும்"னு சொல்ல, ரெண்டு நாளைக்கு சண்டை ஓயல. அப்புறம் பார்த்தா அப்படி ஒரு உத்தரவே கிடையாது. சுகாதார அமைச்சகம் சொன்னது என்னன்னா, அலுவலகங்கள்ல கேன்டீன், லாபி, மீட்டிங் ரூம் மாதிரி இடத்துல எந்தப் பலகாரத்துல எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சக்கரை இருக்குன்னு ஒரு போர்டு வைங்கன்னு. கடைக்காரர் விக்கிற சமோசா மேல ஒட்டச் சொல்லலன்னு அரசே விளக்கமும் குடுத்துச்சு. அந்த விளக்கத்தை மட்டும் குரூப்ல யாரும் ஃபார்வர்ட் பண்ணல.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க 2023 டிசம்பர் 30லேர்ந்து கடைல அப்பப்போ கலந்து குடுக்கிற டீ, காப்பி, பபிள் டீ (ஜவ்வரிசி மாதிரி முத்து போட்ட டீ), ஜூஸ் எல்லாத்துக்குமே சக்கரைய வெச்சு கிரேடு உண்டு, சக்கரை அதிகமா இருந்தா அதை மெனுவுல போடணும்னு சட்டம் இருக்கு. அதுனால இந்தச் சண்டையப் படிக்கறப்போ எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. திட்டுன பெரியப்பாவும் சரி, ஆதரிச்ச அத்தையும் சரி, ரெண்டு பேருமே ஒரே விஷயத்தைத்தான் நம்பறாங்க: எச்சரிக்கைங்கறது சாப்பிடப்போறவனை பயமுறுத்தி நிறுத்தறதுக்கு, அவன் பயந்தா திட்டம் ஜெயிச்சுது, பயப்படலன்னா வேஸ்ட்டு. நிஜத்துல அது வேலை செய்யற விதமே வேற, அதோட முக்கால்வாசி வேலை நம்ம மெனுவ கைல எடுக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது. அதைத்தான் அடிலேர்ந்து சொல்லிப் பார்க்கறேன்.

முதல்ல, எந்தச் சக்கரையப் பத்திப் பேசறோம்

வாழைப்பழத்துல இனிப்பு இருக்கு, பால்லயும் கொஞ்சம் இயற்கையா இருக்கு. அதை யாரும் குறை சொல்லல. பிரச்சினை நாம தனியா போடறதுல. வெள்ளைச் சீனி, நாட்டுச் சக்கரை, கருப்பட்டி, தேன், பாட்டில்ல வர்ற சிரப், கண்டென்ஸ்டு மில்க்குல ஏற்கனவே கலந்திருக்கிற சீனி, இது அத்தனையும் சேர்த்துதான் "சேர்க்கப்பட்ட சக்கரை"ன்னு சொல்றது. கருப்பட்டிக் காப்பின்னு போர்டு வெச்சிருந்தா அது கணக்குல வராதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, வரும்.

எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல? ஒரு நாளைக்கு நமக்குக் கிடைக்கிற சக்தில பத்துல ஒரு பங்குக்கு மேல இப்படிப்பட்ட சக்கரைலேர்ந்து வரக்கூடாதுன்னு உலக சுகாதார அமைப்பு 2015ல சொல்லிச்சு (அவங்க கணக்குல பழச்சாறும் சேரும்). 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு 200 கலோரி, ஒரு கிராம் சக்கரை 4 கலோரி, ஆக 50 கிராம். டீ ஸ்பூன்ல அளந்தா சுமாரா 12 ஸ்பூன். அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள்ள வெச்சுக்கிட்டா இன்னும் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க. அமெரிக்கால பாக்கெட் லேபிள்ல போடற தினசரி அளவும் இதே 50 கிராம்தான். இந்த 50ங்கற நம்பர ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

12 ஸ்பூன்னு கேட்டா பெருசாத்தான் தெரியும், யாரு அவ்வளவு போட்டுக்கறான்னு தோணும். ஆனா ஒரு அரை லிட்டர் பபிள் டீ, 100 மில்லிக்கு 10 கிராம் சக்கரைன்னு வெச்சுக்கிட்டா, ஒரே கப்புல 50 கிராம் முடிஞ்சுது. காலைல குடிச்ச டீ, மத்தியானம் பாயசம், சாயங்காலம் பிஸ்கட்டு எல்லாம் அதுக்கு மேல.

எச்சரிக்கை வேற, தடை வேற

இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான் பாதி சண்டையே. வளைவு வருதுன்னு ரோட்டோரம் மஞ்சள் போர்டு வெச்சிருப்பாங்க, அந்த ரோட்டுல போகாதேன்னா சொல்றாங்க? போ, ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்.

நியூயார்க் நகரம் ரெண்டையுமே முயற்சி பண்ணிப் பார்த்த ஊர். 2012ல மேயர் புளூம்பெர்க் காலத்துல, 16 அவுன்ஸுக்கு மேல (அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி) பெரிய கப்புல சக்கரை போட்ட குளிர்பானம் விக்கவே கூடாதுன்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. அது தடை. கோர்ட்டுல நிக்கல, 2014ல மேல் கோர்ட்டும் செல்லாதுன்னுடுச்சு. அதுக்கப்புறம் 2015 கடைசில அதே ஊர் வேற வழிக்கு வந்துச்சு. பல கிளை வெச்சிருக்கிற ஹோட்டல்கள்ல 2300 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ சோடியம், அதாவது ஒரு நாளைக்கான மொத்த உப்பும் ஒரே ஐட்டத்துல இருந்தா, அதுக்குப் பக்கத்துல ஒரு முக்கோணத்துக்குள்ள உப்பு டப்பா படம் போடணும். ஹோட்டல் சங்கம் இதுக்கும் கேஸ் போட்டுச்சு, ஆனா இது நின்னுடுச்சு. ஏன்னா யாரும் எதையும் விக்காதன்னு சொல்லல, இருக்கறத மறைக்காம சொல்லுன்னுதான் சொன்னாங்க.

அந்த உப்பு டப்பாவோட தொடர்ச்சிதான் சக்கரை எச்சரிக்கை. 2023 நவம்பர்ல கையெழுத்தான சட்டம் அது.

இதுவரைக்கும் பார்த்ததுல ரெண்டு விஷயம் போதும்: கணக்குல வர்றது தனியா சேர்க்கிற சக்கரை, ஒரு நாள் உச்சம் 50 கிராம். எச்சரிக்கை போட்டாலும் அந்த ஐட்டம் மெனுவுலதான் இருக்கும், கேட்டா குடுப்பாங்க.

நியூயார்க்குல ஸ்பூன் படம், சிங்கப்பூர்ல எழுத்து

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், ஏன்னா "சக்கரை எச்சரிக்கை"ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் இந்த ரெண்டும் அளக்கறதே வேற வேற.

நியூயார்க்குல, நாடு முழுக்க 15 கிளையோ அதுக்கு மேலயோ இருக்கிற ஹோட்டல்னா, ஒரு ஐட்டத்துல மொத்தமா 50 கிராமுக்கு மேல சேர்க்கப்பட்ட சக்கரை இருந்தா ஸ்பூன்ல சக்கரை குவிச்ச மாதிரி ஒரு சின்னம் போடணும். பார்க்கறது மொத்த அளவு. 20 அவுன்ஸ் கோக் பாட்டில்ல 65 கிராம், அதுனால சின்னம் வரும். அதே கோக் 12 அவுன்ஸ் கேன்ல 39 கிராம்தான், சின்னம் வராது.

சிங்கப்பூர்ல நியூட்ரி-கிரேடுன்னு பேரு. ஏ, பி, சி, டின்னு நாலு எழுத்து. 100 மில்லில எத்தனை கிராம் சக்கரைங்கறதுதான் கணக்கு. 1 கிராம் வரைக்கும் ஏ, 5 வரைக்கும் பி, 10 வரைக்கும் சி, அதுக்கும் மேலன்னா டி. (பால் கொழுப்பு மாதிரி நிறைகொழுப்பையும் சேர்த்துப் பார்த்து ரெண்டுல எது மோசமோ அந்த எழுத்த குடுப்பாங்க, அது இப்போதைக்கு வேண்டாம்.) சி, டி வந்தா மெனுவுல அந்தப் பானத்துக்குப் பக்கத்துல எழுத்தையும் சக்கரை சதவீதத்தையும் கட்டாயம் போடணும், டி வாங்கின பானத்துக்கு விளம்பரமே பண்ணக்கூடாது. பபிள் டீல போடற முத்து, ஜெல்லி மாதிரி டாப்பிங் சக்கரைய தனியா கிராம் கணக்குல காட்டணும். ரொம்பச் சின்ன கடைங்களுக்கு விலக்கு உண்டு. மொதல்ல 2022 டிசம்பர் 30ல பாட்டில், கேன், பாக்கெட்டுல வர்ற பானங்களுக்கு வந்துச்சு, சரியா ஒரு வருஷம் கழிச்சு கடைல கலக்கறதுக்கும் வந்துச்சு.

இதுல என்ன வித்தியாசம் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. சாம்பார் எவ்வளவு காரம்ங்கறது ஒரு கேள்வி, எத்தனை கரண்டி ஊத்திக்கிட்டோம்ங்கறது இன்னொரு கேள்வி. சிங்கப்பூர் எழுத்து காரத்தைச் சொல்லுது, நியூயார்க் ஸ்பூன் மொத்தத்தைச் சொல்லுது. 8 சதவீதம் சக்கரை இருக்கிற சி கிரேடு டீய 700 மில்லி கப்புல வாங்கினா 56 கிராம் உள்ள போகுது. 11 சதவீதம் இருக்கிற டி கிரேடு டீய 250 மில்லி கப்புல வாங்கினா 27.5 கிராம்தான். எழுத்தை மட்டும் பார்த்து "சி தானே, டி இல்லையே"ன்னு பெரிய கப்பை எடுத்தா ரெண்டு மடங்கு சக்கரை குடிச்சிருப்போம். அங்க நியூயார்க்குல இதே ஆளு ஸ்பூன் படத்தைப் பார்த்தா கப்போட சைஸைக் குறைக்கத்தான் மொதல்ல தோணும். ஒரே எச்சரிக்கை மாதிரி தெரியறது ஜனங்கள ரெண்டு வேற பக்கமா நகர்த்துது.

இன்னொரு குழப்பம், இதை எங்க அக்கா பொண்ணு சொல்லித்தான் நானே கவனிச்சேன். பபிள் டீ கடைல ஏற்கனவே "50 சதவீதம் சுகர்", "30 சதவீதம் சுகர்"னு கேட்டு வாங்கற பழக்கம் இருக்கு. அந்த 50ங்கறது கடை வழக்கமா போடற அளவுல பாதின்னு அர்த்தம், கடையோட முழு அளவு எவ்வளவுன்னு அது சொல்லாது. கிரேடு பக்கத்துல போட்டிருக்கிற "9 சதவீதம்"ங்கறது 100 மில்லில 9 கிராம். ஒரே பலகைல ரெண்டு சதவீதம், ரெண்டுக்கும் அர்த்தம் வேற. "50 சதவீதத்தை விட 9 சதவீதம் கம்மிதானே"ன்னு அவ கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சாம். அந்தக் குழந்தை மேல தப்பே இல்ல, அந்தப் பலகை அப்படி இருக்கு.

கண்ணு அங்க போனாதானே

சரி, போட்டாச்சு. பார்ப்பாங்களா?

எங்க அப்பா திருவாரூர்லேர்ந்து போன வருஷம் வந்திருந்தாரு, பதினஞ்சு வருஷமா சுகர் இருக்கு அவருக்கு. லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடைல நின்னு டீ சொன்னோம். மேல பலகைல எழுத்து, சதவீதம் எல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. வெளிய வந்தப்புறம் "அந்த எழுத்தைப் பார்த்தீங்களாப்பா"ன்னு கேட்டேன். "எந்த எழுத்தும்மா"ன்னாரு. டீ குடிக்கப் போற மனுஷன் பலகைய எதுக்குப் பார்க்கணும், அவருக்கு என்ன வேணும்னு நாப்பது வருஷமா தெரியுமே.

இதுதான் மொதல் தடை. பலகைல விலை, படம், காம்போ ஆஃபர், புது ஐட்டம்னு ஏகப்பட்டது இருக்கு, பின்னாடி வரிசை நிக்குது, வழக்கமா வர்ற ஆளு மெனுவப் பார்க்கறதே இல்ல. எச்சரிக்கை சின்னதா, கருப்பு வெள்ளைல, ஓரமா இருந்தா கண்ணுக்கே படாது. அதுனால ஒரு ஆராய்ச்சில "எச்சரிக்கை போட்டும் சராசரியா பெருசா ஒண்ணும் குறையல"ன்னு வந்தா, உடனே "பார்த்தீங்களா, ஜனங்க கண்டுக்கல"ன்னு முடிவு கட்டிடக்கூடாது. ஒரு பேச்சுக்கு 100 பேர்ல 80 பேர் பார்க்கவே இல்ல, பார்த்த 20 பேர் நல்லாவே குறைச்சுக்கிட்டாங்கன்னு வைங்க, சராசரி எடுத்தா அந்த 20 பேரோட மாற்றம் 100 பேர் மேலயும் பரவி ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும்.

மெனுவுல கலோரி போடறதப் பத்தி உலகம் முழுக்க நடந்த ஆராய்ச்சிகள கோக்ரேன்னு ஒரு மருத்துவ ஆய்வுக் குழு சேர்த்துப் பார்த்திருக்கு. 2025ல வந்த கணக்குப்படி, 600 கலோரி சாப்பாட்டுல சராசரியா 11 கலோரி குறையுது. ரெண்டு பாதாம் பருப்பு அளவு. இது கலோரி நம்பருக்கான முடிவு, சக்கரை எச்சரிக்கைக்கானது இல்ல, ஆனா சாப்பிடறவன் கை அந்த நிமிஷத்துல எவ்வளவு மாறும்னு எதிர்பார்க்கலாம்ங்கறதுக்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

நம்பருக்கும் எச்சரிக்கைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தையும் இங்கயே சொல்லிடறேன். மேட்டூர் அணை நீர்மட்டம் 119 அடின்னு நியூஸ்ல சொன்னா, 120 அடிதான் முழுக் கொள்ளளவுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது செய்தி. "காவிரிக் கரையோரம் இருக்கறவங்க பாதுகாப்பான இடத்துக்குப் போங்க"ன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். கலோரி மொத வகை, நாமளே கணக்குப் போட்டுக்கணும். ஸ்பூன் படமும் டி எழுத்தும் ரெண்டாவது வகை, கணக்க அவங்களே போட்டு முடிவ மட்டும் சொல்றாங்க. வரிசைல நின்னுக்கிட்டு அஞ்சு செகண்டுல முடிவெடுக்கற ஆளுக்கு ரெண்டாவதுதான் உதவும்.

தெரிஞ்ச விஷயத்தைச் சொன்னா யாரும் மாற மாட்டாங்க

பார்த்தாச்சுன்னே வெச்சுக்குவோம். பார்த்தா மாறுமா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு.

2008ல நியூயார்க் நகரம் பெரிய ஹோட்டல் கிளைகள்ல கலோரி போடறத கட்டாயமாக்குச்சு. அப்போ ஸ்டார்பக்ஸ் கடைகளோட பில் விவரத்தை, 10 கோடிக்கும் மேல பில், வாங்கி மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அலசினாங்க. நியூயார்க்குல கலோரி போட்டிருக்கு, பாஸ்டன்லயும் பிலடெல்ஃபியாலயும் போடல, ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஒரு பில்லுக்கு 247 கலோரி இருந்தது 232 ஆச்சு, 6 சதவீதம் குறைவு. ஆனா எதுல குறைஞ்சுதுன்னு பார்த்தாதான் விஷயமே. கிட்டத்தட்ட அத்தனையும் கேக், மஃபின் மாதிரி சாப்பிடற ஐட்டத்துல. பானங்கள்ல மாற்றமே இல்லன்னு சொல்லலாம்.

ஏன்? ஜனங்க மனசுல காப்பிக்கு இருந்த மதிப்பீடு நிஜத்த விட அதிகமா இருந்துச்சு, மஃபினுக்கு நிஜத்த விட கம்மியா இருந்துச்சு. பலகைய பார்த்ததும் காப்பி விஷயத்துல "ஓ, இவ்வளவுதானா"ன்னு ஆச்சு, மஃபின் விஷயத்துல "அய்யய்யோ இவ்வளவா"ன்னு ஆச்சு. எங்க அதிர்ச்சியோ அங்கதான் கை நகர்ந்துச்சு.

அதுனால எச்சரிக்கையோட பலம் அது எவ்வளவு பயங்கரமா இருக்குங்கறதுல இல்ல, நமக்குத் தெரியாத எதையாவது சொல்லுதாங்கறதுல இருக்கு. குலாப் ஜாமூன் பக்கத்துல "சக்கரை அதிகம்"னு போட்டா அது யாருக்குப் புதுசு? பாகுல மிதக்கறத கண்ணாலயே பார்க்கறோம். அதையே ஒரு மாம்பழ லஸ்ஸி பக்கத்துல, "ஹெல்தி"ன்னு நெனச்சு வாங்கற ஸ்மூத்தி பக்கத்துல, நோய் வந்தவங்களுக்கு நாம ஆசையா வாங்கிட்டுப் போற ஜூஸ் பக்கத்துல போட்டா கை தயங்கும். சமோசா ஜிலேபிக்குப் போட்டா என்ன ஆகும்னு சண்டை போட்டவங்க எல்லாரும், எச்சரிக்கை ரொம்பக் கம்மியா வேலை செய்யற ஐட்டத்தை எடுத்து வெச்சுக்கிட்டுதான் சண்டை போட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

ஆச்சரியம் மட்டும் பத்தாது, பக்கத்துலயே மாத்து ஒண்ணு இருக்கணும். இங்க காப்பிக் கடைல "தே சியூ தாய்"னு சொன்னா சீனி கம்மியா டீ, "தே ஓ கோசோங்"னு சொன்னா பாலும் இல்லாம சீனியும் இல்லாம டீ. சீனம், மலாய் எல்லாம் கலந்த இந்தக் கடைப்பேச்சு லேபிளுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே இருக்கு, தமிழ் ஆளுங்களும் இப்படித்தான் கேட்போம். அதுனால டி எழுத்தைப் பார்த்து யோசிக்கற ஆளுக்கு அடுத்து என்ன சொல்லணும்னு வார்த்தை ரெடியா இருக்கு. கேக்குக்கு அப்படி "சீனி கம்மியா ஒரு கேக்கு"ன்னு கேக்க முடியாது, ஒண்ணு வாங்கணும் இல்ல விடணும், பெரும்பாலும் வாங்கிடுவோம்.

சுருக்கமா சொன்னா, சாப்பிடறவர் பக்கம் மூணு கதவு வரிசையா திறக்கணும்: கண்ணுல படணும், தெரியாததைச் சொல்லணும், மாத்து பக்கத்துல இருக்கணும். மூணும் ஒண்ணா திறக்கறது கஷ்டம், அதான் சாப்பிடறவர் பக்கத்து மாற்றம் எப்பவும் சின்னதாவே இருக்கு.

பாஸ் மார்க் 35

இப்போ கவுன்டருக்கு அந்தப் பக்கம் போவோம். நான் மொதல்ல சொன்ன முக்கால்வாசி வேலை இங்கதான்.

ஸ்கூல்ல பாஸ் மார்க் 35. பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி டீச்சர் யார பிடிச்சு உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாங்க? 80 எடுக்கறவனை இல்ல, 5 எடுக்கறவனையும் பெரும்பாலும் இல்ல. 28, 30, 33ல நிக்கறவங்களை. கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்களைத் தூக்கி விடறது சுலபம், பலனும் உடனே தெரியும்.

நியூட்ரி-கிரேடுல 10 சதவீதங்கறதும் 5 சதவீதங்கறதும் அப்படி ஒரு கோடு. இந்த மாதிரி கோட்டத்தான் வரம்புன்னு சொல்றது, இதைத் தாண்டினாதான் அடையாளம். ஒரு கம்பெனியோட பானம் 10.6 சதவீதத்துல நிக்குதுன்னா அவங்க முன்னாடி ரெண்டு வழி. டி எழுத்தை மாட்டிக்கிட்டு விளம்பரமும் இல்லாம விக்கணும், இல்லன்னா அரை ஸ்பூன் சீனியக் குறைச்சு சி கிரேடுக்கு வரணும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ரெண்டாவதைத்தான் மொதல்ல யோசிக்கும். இப்படி எச்சரிக்கைலேர்ந்து தப்பிக்கறதுக்காகவே பக்குவத்தை மாத்தறதுக்குப் பேருதான் செய்முறை மாற்றம்.

இது நடந்திருக்கு. சிங்கப்பூர்ல பாக்கெட் பானங்களோட நடுமதிப்பு சக்கரை அளவு 2017ல 7.1 சதவீதம், 2023ல 4.6 சதவீதம். (நடுமதிப்புன்னா, எல்லா பானத்தையும் சக்கரை வரிசைல நிக்க வெச்சா சரியா நடுவுல நிக்கறது.) லேபிள் கடைக்கு வந்தது 2022 டிசம்பர் கடைசிலதான், அறிவிப்பு வந்தது 2019ல. அதுக்கும் முன்னாடி 2017லயே ஏழு பெரிய குளிர்பானக் கம்பெனிங்க 12 சதவீதத்துக்கு மேல போக மாட்டோம்னு வாக்கு குடுத்திருந்தாங்க. ஆக லேபிள் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, அதேசமயம் லேபிள் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, ஒரு ஆளு கூட அந்த எழுத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே, தொழிற்சாலைல வேலை நடக்க ஆரம்பிச்சுடுச்சுங்கறதும் உண்மை.

தென் அமெரிக்கால இருக்கிற சிலி நாட்டுல இது இன்னும் தெளிவு. அங்க 2016 ஜூன்லேர்ந்து பாக்கெட் மேல கருப்பு எண்கோணத்துல "சக்கரை அதிகம்", "கலோரி அதிகம்"னு அச்சடிக்கணும். அந்த அடையாளம் வாங்கக்கூடிய பொருள்களோட பங்கு கொஞ்ச காலத்துலயே 51 சதவீதத்துலேர்ந்து 44க்கு இறங்குச்சு, பக்குவத்த மாத்திட்டாங்க. எண்கோணம் வாங்கின பானங்கள ஜனங்க வாங்கறதும் 23.7 சதவீதம் குறைஞ்சுது. மெனுவ விட இது பெரிய மாற்றம்தான், ஆனா பாக்கெட்ட கைல தூக்கிப் பார்த்துத்தான் கூடைல போடறோம், தவிர அங்க குழந்தைங்களுக்கான விளம்பரத்தையும் ஸ்கூல்ல விக்கறதையும் சேர்த்தே கட்டுப்படுத்தினாங்க.

எங்க அப்பாவ திரும்ப நினைச்சுப் பாருங்க. எழுத்தையே பார்க்காத மனுஷன். ஆனா அந்தக் கடை கோட்டுக்குக் கீழ வர்றதுக்காக வழக்கமா ஊத்தற கண்டென்ஸ்டு மில்க்க கொஞ்சம் குறைச்சிருந்தா, அவரு குடிச்ச டீல சக்கரை ஏற்கனவே குறைஞ்சாச்சு. அவருக்கு மன உறுதி வேணாம், படிப்பு வேணாம், மூக்குக் கண்ணாடி கூட வேணாம். இதனாலதான் "ஜனங்க லேபிளைப் பார்க்கறதே இல்ல, அப்புறம் எதுக்கு"ன்னு கேக்கறவங்ககிட்ட எனக்கு வாதாடத் தோணுது.

இதுல ஒரு உறுத்தலும் இருக்கு, அதையும் சொல்லணும். சீனியக் குறைச்ச இடத்துல செயற்கை இனிப்பு வந்து உக்காரலாம். சிங்கப்பூர்ல அப்படி இனிப்பு போட்ட பானத்துக்கு ஏ கிரேடு கிடையாது, அதிகபட்சம் பி கிரேடுதான், அதுவரைக்கும் நல்லது. உடம்பு எடையக் குறைக்க அந்த இனிப்புகள நம்ப வேணாம்னு 2023ல உலக சுகாதார அமைப்பும் சொல்லியிருக்கு. அதை விட முக்கியமா, நாக்கு அதே தித்திப்புக்கே பழகிக் கிடக்கும். நான் வீட்டுல டீக்கு ரெண்டு ஸ்பூன்லேர்ந்து முக்கா ஸ்பூனுக்கு வர மூணு மாசம் ஆச்சு, இப்போ பழைய டீய குடிக்க முடியல. செயற்கை இனிப்பு போட்டா நாக்குக்கு அந்தப் பயணமே நடக்காது.

அடையாளம் இல்லன்னா நல்லதுன்னு அர்த்தமா?

இல்ல. நிறைய பேர் சறுக்கற இடம் இது.

நியூயார்க் கணக்குல 49 கிராம் இருக்கிற மில்க்‌ஷேக்குக்கு ஸ்பூன் படம் வராது. கிட்டத்தட்ட ஒரு நாள் மொத்த அளவும் அதுல இருக்கு, ஆனா பலகைல ஒண்ணும் இல்ல. பக்கத்துல நாலு ஐட்டத்துக்கு ஸ்பூன் இருக்கறதால, ஸ்பூன் இல்லாத இது சாதுவா தெரியும். 33 மார்க் எடுத்தவன ரெண்டு மார்க் தூக்கி 35 ஆக்கினா பாஸ்தான், ஆனா அவனுக்கு கணக்கு நல்லா வந்துடுச்சுன்னு சொல்ல முடியுமா? ஒரே ஒரு கோடு போடற எந்த முறைலயும் இந்தப் பிரச்சினை இருக்கும். நாலு எழுத்து வெச்சா கோடு மூணாகுது, அதுனால கம்பெனிங்க சி கிரேடுலேர்ந்து பி கிரேடுக்கும் இறங்கப் பார்ப்பாங்க. அந்த வகைல சிங்கப்பூர் முறை எனக்குப் பிடிச்சிருக்கு, கப்பு சைஸைக் கண்டுக்காம விட்டதுதான் குறை.

ஆக இந்தப் பகுதியும் முன்னாடி பகுதியும் சேர்த்து: பெரிய மாற்றம் கடைக்காரர் பக்கம், அது வரம்புக்கு ஒட்டி நிக்கற ஐட்டத்துலதான் அதிகமா நடக்கும், அதுனால கோட்டை எங்க போடறோம்ங்கறது சின்னம் எப்படி இருக்குங்கறத விட முக்கியம்.

இந்தியால இப்போ என்ன இருக்கு

மெனுவுல சக்கரை எச்சரிக்கைன்னு எதுவும் இல்ல. 10 கிளையோ அதுக்கு மேலயோ இருக்கிற ஹோட்டல்களும் மத்திய லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களும் மெனுவுல கலோரி போடணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி 2022 ஜூலைலேர்ந்து இருக்கு. பெரிய செயின் காப்பிக் கடைக்குப் போனா ஐட்டத்துக்குப் பக்கத்துல நம்பர் பார்த்திருப்பீங்க. அதுல சக்கரை எவ்வளவு, பால் எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது, கோல்டு காப்பி 300 கலோரின்னா அது சீனிலேர்ந்து வந்ததா க்ரீம்லேர்ந்து வந்ததான்னு கண்டுபிடிக்க வழியில்ல. கோடுன்னு ஒண்ணு இல்லாததால கடைக்காரருக்கும் பக்குவத்த மாத்த அவசரம் இல்ல.

சி.பி.எஸ்.இ. ஸ்கூல்கள்ல 2025 மே மாசம் சக்கரை போர்டு வைக்கச் சொன்னாங்க, அப்புறம்தான் அந்த அலுவலக போர்டு, சமோசா சண்டை எல்லாம். இந்தப் போர்டுகள் தகவல் பலகைதான். விக்கற ஆளு மேல எந்த அழுத்தமும் போடாது, அதனால இதோட பலன் முழுக்க அந்த மூணு கதவையே நம்பி இருக்கு, அதுலயும் மொதல் கதவு, கண்ணுல படறது, போர்டை எங்க மாட்டறோம்ங்கறதுல இருக்கு.

என் தம்பி வேலை பாக்கற ஆபீஸ்லயும் ஒண்ணு வெச்சிருக்காங்க. ரொம்ப அழகா, ஒவ்வொரு இனிப்புக்கும் எத்தனை ஸ்பூன்னு படம் போட்டு. ஆனா மாட்டியிருக்கறது ரெண்டாவது மாடில லிஃப்டுக்கு எதிர, கேன்டீன் இருக்கறது தரைத்தளத்துல. பில் போடற இடத்துக்குப் பக்கத்துல மாத்துங்க, அப்படியே காப்பி மெஷின்ல சீனிய தனியா வைங்கன்னு போன வாரம் அட்மினுக்கு மெயில் போட்டிருக்கான், இன்னும் பதில் வரல.